வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்த மஞ்சள் அட்டையைப் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளி முடிந்ததிலிருந்து ஒரு படம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேர் அதை எனக்கே அனுப்பிவிட்டீர்கள். "அண்ணே, இது உங்கள் கடை அட்டைதானே?" என்று சிலர் கேட்டும் இருந்தீர்கள். ஆமாம், பழைய வீடியோ கேம் பெட்டியை விற்கும்போது அது வெளியான நாளை எழுதிக் கூடவே தருகிறோமே, அந்த அட்டைதான். வெளிர்மஞ்சள் நிறம், மூலையில் காப்பிக் கறை. அந்தக் கறைகூட எங்களுடையதுதான். அதன் கீழே சிவப்பு எழுத்தில் "இந்தக் கடைக்காரர் தேதியை இட்டுக்கட்டி விற்கிறார்" என்று சேர்த்திருக்கிறார்களே, அது மட்டும் எங்களுடையதன்று.

பதினேழு ஆண்டுகளாகப் பினாங்கு ஜார்ஜ்டவுனில் இந்த மாடிப்படியை ஏறி இறங்குகிறீர்கள். அடாப்டர் எரிந்துபோனது என்று திட்டியிருக்கிறீர்கள், விலை அதிகம் என்று சண்டை பிடித்திருக்கிறீர்கள். அதெல்லாம் வியாபாரம். இட்டுக்கட்டியவன் என்று யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இந்த மடல் கொஞ்சம் நீளும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி வந்தார். அவருடைய அண்ணனுக்கு அக்டோபர் 18ஆம் தேதி நாற்பது வயது நிறைவு. அண்ணன் பிறந்த அதே நாளில் வெளியான கேம் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அமெரிக்காவில் விற்ற நிண்டெண்டோ, சாம்பல் நிறப் பெட்டி. எங்கள் அட்டையில் "வெளியான நாள்: 18 அக்டோபர் 1985" என்று போட்டிருந்தோம். தம்பி மகிழ்ச்சியோடு வாங்கிப்போனார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, விருந்து. கேக் வெட்டி, பரிசைப் பிரித்து, அட்டையை உரக்கப் படித்திருக்கிறார்கள். உடனே மைத்துனர் ஒருவர் கைப்பேசியைத் தட்டி, "இது 1983லேயே வந்துவிட்டதே!" என்றாராம். இன்னொருவர் விவரம் தெரிந்தவர். திருப்புளியை எடுத்துவந்து பெட்டியையே திறந்துவிட்டார். உள்ளே சில்லின் (சிப்) முதுகில் 8734 என்று இருந்திருக்கிறது. "அப்படியென்றால் 1987" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். ஒரே பெட்டிக்கு மூன்று ஆண்டுகள். வீடு முழுக்கச் சிரிப்பு.

நாலு பேர் நடுவில் பரிசை வைத்துச் சிரித்தால் யாருக்கும் கோபம் வரும். அதை நான் குறை சொல்லவில்லை. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், முழுப் பணத்தையும் தருகிறேன் என்று அன்று இரவே சொன்னேன். அவர் தரவில்லை. அண்ணன் அதை டிவியிலிருந்து கழற்ற விடவில்லையாம்.

இப்போது அந்த மூன்று ஆண்டுகளுக்கு வருகிறேன். மூன்றும் உண்மை.

1983 என்பது ஜப்பானின் கணக்கு. சிவப்பும் வெள்ளையுமான ஃபேமிகாம், நிண்டெண்டோ அதை 15 ஜூலை 1983 அன்று 14,800 யென்னுக்கு விற்பனைக்கு விட்டது. அதே நாளில்தான் சேகாவும் தன் முதல் பெட்டியான எஸ்ஜி-1000ஐ விட்டது என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. 1985 என்பது அமெரிக்காவின் கணக்கு. அதே இயந்திரத்துக்கு வேறு உடுப்பு மாட்டி, வேறு பெயர் சூட்டி, நியூயார்க் வட்டாரத்தில் மட்டும் அக்டோபரில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். 1986 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் போனது. மற்ற ஊர்களுக்கு அதற்கும் பிறகுதான். 8734 என்பது சில்லின் கணக்கு: முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 1987ஆம் ஆண்டின் 34ஆம் வாரம், ஆகஸ்டு மாதத்தில், ஏதோ ஒரு தொழிற்சாலையில் அந்தச் சில்லை வார்த்திருக்கிறார்கள். பெட்டியை அதற்குப் பிறகுதான் சேர்த்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. உங்கள் மாமா 1989இல் ஒரு சாகா வாங்கினார். "1985இல் வந்த காரைத்தான் மாமா ஓட்டுகிறார்" என்று சொன்னால் பொய்யா? எங்கள் அட்டை சொன்னதும் அவ்வளவுதான்.

என் அப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டியின் கணக்குப்படி தைப்பூசத்துக்கு முதல் நாள். அவருடைய அடையாள அட்டையில் இருப்பதோ மார்ச் மாதம். தோட்டத்துக் கிராணிக்கு (எழுத்தருக்கு) எப்போது நேரம் கிடைத்ததோ அன்று எழுதிய தேதி. அரசாங்கம், வங்கி, மருத்துவமனை எல்லாம் மார்ச்சைத்தான் நம்பின. பாட்டி மட்டும் கடைசிவரை தைப்பூசத்துக்கு முதல் நாள் பாயசம் வைத்தார். இதில் யார் இட்டுக்கட்டியவர்? கேம் பெட்டிகளின் தேதியும் இதே கதைதான். பெரும்பாலும் கிராணி எழுதியதுதான் நம் கைக்குக் கிடைக்கிறது.

நம்பாதவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்கிறேன். சூப்பர் நிண்டெண்டோ ஜப்பானில் 21 நவம்பர் 1990 அன்று வந்தது. அதில் சண்டையே இல்லை. அமெரிக்காவுக்கு 1991இல் வந்ததற்கு மட்டும் ஆகஸ்டு 13, ஆகஸ்டு 23, செப்டம்பர் 9 என்று மூன்று தேதிகள் புழங்குகின்றன. கிடங்கிலிருந்து லாரி கிளம்பிய நாளை ஒருவர் எழுதுகிறார், தன் ஊர்க் கடையில் பார்த்த நாளை இன்னொருவர் எழுதுகிறார், விளம்பரத்தில் வந்த நாளை மூன்றாமவர் எழுதுகிறார்.

சேகா சாட்டர்ன் இன்னும் மோசம். அமெரிக்காவில் 2 செப்டம்பர் 1995, சனிக்கிழமை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, மே 11ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சி மேடையில் ஏறி, "இன்றே கடைகளில் இருக்கிறது, 399 டாலர்" என்று அறிவித்துவிட்டார்கள். அதுவும் சில கடைகளில் மட்டும். சரக்குக் கிடைக்காத கடைக்காரர்களின் வயிற்றெரிச்சலை என்னால் நன்றாகவே உணர முடிகிறது. பழைய இதழ்களைப் பார்த்து எழுதுகிறவர் செப்டம்பர் என்றுதான் எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. கைவிடப்பட்ட உண்மையை எழுதுகிறார்.

நியோ ஜியோ என்ற பெட்டி 1990 ஏப்ரலில் ஜப்பானில் வாடகைக்கு வந்தது, அடுத்த ஆண்டுதான் வீட்டு விற்பனைக்கு வந்தது. வெளியான நாள் எது? வாடகைக்கு வீடு எடுத்தவர் குடிவந்தவர் இல்லையா?

சரி, என் பிழைக்கு வருகிறேன். அட்டையில் "வெளியான நாள்" என்று மொட்டையாகப் போட்டது தப்பு. எந்த நாட்டில் என்று எழுதியிருக்க வேண்டும். அக்டோபர் வெள்ளோட்டத்துக்கு 18 என்றுதான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள் என்பதற்காக, கல்வெட்டில் பொறித்ததுபோல் கொட்டை எழுத்தில் 18 என்று போட்டதும் தப்பு. "அக்டோபர் 1985, நியூயார்க் வட்டாரம்" என்று நிறுத்தியிருக்கலாம். அப்படி நிறுத்தியிருந்தால் அந்தத் தம்பி வாங்கியிருக்க மாட்டார் என்று யாராவது நினைத்தால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் நானே சொல்லிவிடுகிறேன். சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் பெட்டிகள் இரண்டு மூன்றில் 20 அக்டோபர் 1985 என்று போட்டிருந்தோம். அது ஜப்பானில் அதன் முன்னோடியான மார்க் III வந்த நாள். மாஸ்டர் சிஸ்டம் என்ற பெயரோடு அமெரிக்காவுக்கு வந்தது 1986இல். அந்த அட்டைகளையும் மாற்றித் தருகிறேன்.

இந்தத் தேதி வேலையை நான் செய்ததில்லை என்பதைச் சிலர் அறிந்திருப்பீர்கள். பழுது பார்க்கும் மேசையில் இருந்த நம் தம்பிதான் செய்தார். பகலில் சேகாவின் கையடக்கப் பெட்டியான கேம் கியரின் கெப்பாசிட்டர்களை மாற்றுவார் (அவை கசிந்தால் மீன் வாடை அடிக்கும், கீழ்க்கடை அக்கா இரண்டு முறை புகார் சொல்லியிருக்கிறார்). கடை சாத்தியதும் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய நாளிதழ்களைத் திறந்து விளம்பரங்களைத் தேடுவார். மாத இதழ்களை அவர் நம்பவே மாட்டார். டிசம்பர் இதழ் என்று அட்டையில் இருக்கும், நவம்பரிலேயே கடைக்கு வந்திருக்கும், உள்ளே எழுதியது அதற்கும் முந்தைய செய்தியாக இருக்கும் என்பார். "அண்ணே, 'வரப்போகிறது' என்பது செய்தி; 'இன்று வாங்கலாம்' என்பதுதான் சாட்சி" என்பது அவருடைய பேச்சு. பெட்டி திறந்ததும் முதலில் ஈயப் பற்றைப் பார்ப்பார், பிறகு எல்லாச் சில்லுகளின் எண்ணையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிடப் பிந்தியதாக இருந்தால், "இதை யாரோ மாற்றியிருக்கிறார்கள்" என்பார். ஃபேமிகாம் வந்த புதிதில், சில்லுக் கோளாறால் படம் உறைந்துபோகிறது என்று நிண்டெண்டோவே பெட்டிகளைத் திரும்பப் பெற்று உள்பலகையை மாற்றிக் கொடுத்தது. சதுர ரப்பர் பட்டன் வைத்த பழைய பெட்டிக்குள் பிந்திய பலகை இருக்கும் காரணம் அதுதான் என்று எனக்குக் காட்டித் தந்தவரும் அவரே.

அவர் செப்டம்பரில் பாயான் லெப்பாஸில் ஒரு சில்லுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். நான் கொடுத்த சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்கு, மருத்துவ வசதி, போக்குவரத்து பஸ். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகங்கள் நான்கும் என்னிடம்தான் இருக்கின்றன. கையெழுத்துத்தான் சில இடங்களில் புரியவில்லை.

செலவும் கூடிவிட்டது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரியிலிருந்து பத்து விழுக்காடு வரி. ஜப்பானியப் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த விலைக்குள்தான் வருகின்றன. ஜப்பானின் 100 வோல்ட் அடாப்டரை நம் 240 வோல்ட்டில் சொருகினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு பெட்டிக்கும் இங்கே புது அடாப்டர் வாங்கிச் சேர்க்கிறோம். ஆகவே டிசம்பர் முதல் பழுது பார்க்கும் கட்டணம் 80லிருந்து 110 ரிங்கிட், உத்தரவாதம் மூன்று மாதம். மேசையில் இப்போது நான் ஒருவனே இருப்பதால் நாளும் கொஞ்சம் கூடுதலாகும்.

இந்த மூன்று வாரத்தில் என் பக்கம் நின்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சுங்கைப் பட்டாணியிலிருந்து பஸ் பிடித்து, ஃபெர்ரி ஏறி வந்து, ஒரு கேசட்டும் வாங்காமல் தேநீர் குடித்துவிட்டுப் போன அண்ணன், லோரோங் கூலிட் சந்தையில் காலையிலேயே சுற்றி, எனக்காக மூன்று பழைய கைப்பிடிகளை (கன்ட்ரோலர்) வாங்கிவந்த தம்பிகள், உங்களையெல்லாம் மறக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன வாரம் படியேறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு நெகிழித் தாளை எடுத்தார். உள்ளே ஊதா நிறக் கார்பன் நகல் ரசீது. மகனுக்குச் சேகாவின் மெகா டிரைவ் பெட்டி வாங்கியது, பினாங்குக் கடை ஒன்றில், தவணை முறையில், 1991 பள்ளி விடுமுறையில். எழுத்து மங்கிவிட்டது, தேதியும் தொகையும் மட்டும் தெளிவாக இருந்தன. கடைசித் தவணைக்குப் பக்கத்தில் "முடிந்தது" என்று பென்சிலால் அவரே எழுதியிருந்தார். ஜப்பானில் அது வந்தது 29 அக்டோபர் 1988. அமெரிக்காவில் 1989 ஆகஸ்டு. அவருடைய வீட்டுக்கு வந்தது 1991. நம் ஊருக்கு எது எப்போது வந்தது என்பதற்கு இப்படிப்பட்ட தாள்கள்தான் சாட்சி. எந்த நிறுவனமும் பினாங்குக்கென்று மேடை போட்டு அறிவித்ததில்லை. ஃபேமிகாமின் நகலாக வீடு வீடாக இருந்த மைக்ரோ ஜீனியஸ் பெட்டிகள்கூட என்றைக்கு வந்தன என்று கேட்டால், "அக்கா கல்யாணத்துக்கு முன்பு" என்றுதான் பதில் வரும். பழைய ரசீது, உத்தரவாதச் சீட்டு, பெட்டியோடு பிள்ளை நிற்கும் தேதியிட்ட புகைப்படம் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருகிறேன்.

இனி அட்டை இப்படி இருக்கும். முதலில் நாடு, பிறகு வெளியான காலம். சாட்சி நாள்வரை இருந்தால் நாள், மாதம்வரை இருந்தால் மாதம். கீழே, உங்கள் பெட்டிக்குள் இருக்கும் சில்லுகளில் மிகப் பிந்தியதன் எண். நவம்பர் 29 சனிக்கிழமை காலை பதினொன்றிலிருந்து மாலை ஏழுவரை பழைய அட்டைகளை இலவசமாக மாற்றித் தருகிறேன். இனிமேல் புது அட்டைக்கு இருபது ரிங்கிட், முன்பு விலையிலேயே அடங்கியிருந்தது. திங்கள், செவ்வாய் கடை இல்லை.

அன்புடன்,
மாடிக்கடைக்காரர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு

பி.கு.: புக்கிட் மெர்தாஜாம் தம்பிக்கு: இரண்டாவது கைப்பிடியில் ஒரு பட்டன் அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது என்று அண்ணன் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்கான ரப்பர் வந்துவிட்டது. கைப்பிடியை மட்டும் கொண்டுவந்தால் போதும், பெட்டி டிவியிலேயே இருக்கட்டும். காசு வேண்டாம்.