சின்னானுக்கு 3 நாள் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு

வேலப்பாடியில் எங்கள் தெருக்காரர்களுக்கும், அன்றைக்குக் காட்பாடி வரைக்கும் கூடவே வந்தவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் நாய் சின்னான் நன்றாக இருக்கிறான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த 3 வாரமாகப் பால் வாங்குகிற இடத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் எல்லோரும் என்னை நிறுத்திக் கேட்டது இதைத்தான். தலை மட்டும் இன்னும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது. அது போகப்போக நேராகலாம், ஆகாமலும் இருக்கலாம், ஆனால் அதனால் அவனுக்கு வலி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பிடுகிறான், நடக்கிறான், ராத்திரி கேட் ஓரம் படுத்துக்கொண்டு போகிற வருகிற வண்டிகளை எல்லாம் பழையபடி அதட்டுகிறான்.

தூரத்தில் இருக்கிற சொந்தக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு ஆடிக் கிருத்திகை. விடியற்காலை 5.30 இருக்கும். அம்மா வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால் எப்போதும் இவன்தான் முந்திக்கொண்டு வெளியே போவான், 13 வயதிலும் அந்த வேகம் குறையவில்லை. அன்றும் எழுந்தான், ஆனால் நின்ற வேகத்தில் இடப்பக்கமாகச் சரிந்து தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மோதி விழுந்தான். எழுந்திருக்கப் பார்க்கிறான், முடியவில்லை, நான்கு காலும் தரையைத் துழாவுகின்றன, உடம்பு உருண்டு உருண்டு அதே பக்கம் போகிறது, வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகுகிறது. ஓடிப்போய்த் தலையை எடுத்து மடியில் வைத்தபோதுதான் கண்ணைக் கவனித்தேன். இரண்டு கருமணியும் மெல்ல இடப்பக்கம் நழுவும், சட்டென்று வலப்பக்கம் வெட்டும், மறுபடி நழுவும், மறுபடி வெட்டும், நிற்கவே இல்லை. நான் செருப்பு மாட்டும்போதே கடைக்கா ஊருக்கா என்று என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிற கண் அது. அன்றைக்கு என் மேல் ஒரு நொடிகூட நிற்க முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டேன். நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்தான், யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள், வயதாகிவிட்டது, ஸ்ட்ரோக்தான், கஷ்டப்படுத்தாமல் ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடலாம், மத்தியானம் வருகிறேன் என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. அவன் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு, சரிங்க என்று சொல்லியும்விட்டேன். அந்தச் சரியை அன்றைக்கே திருப்பி வாங்க வைத்தவர்கள் நீங்கள். இந்த மடல் அதற்காகத்தான்.

முதல் நன்றி எதிர்வீட்டு அண்ணனுக்கு. அண்ணா, நீங்கள் கையில் கட்டையோடு வந்தீர்கள் என்பதை எழுதினால் வருத்தப்படுவீர்களோ என்று அம்மா கேட்டார். எழுதத்தான் வேண்டும். "வெறி புடிச்சிக்கிச்சும்மா, கிட்ட போவாத" என்று கத்தினீர்கள். எச்சில் ஒழுக, தள்ளாடி விழுகிற நாயைப் பார்த்தால் யாருக்கும் அந்த நினைப்புதான் முதலில் வரும், வெறிநோய் முற்றிவிட்டால் மனிதனுக்கும் மருந்து கிடையாது, உங்கள் பேரப்பிள்ளைகள் இருவரும் படியில் நின்றுகொண்டிருந்தார்கள். பயந்தது நியாயம்தான். ஆனால் நான் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து நீட்டியதும், நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, வருஷா வருஷம் ஒட்டியிருக்கிற ஊசி மருந்துச் சீட்டைத் தேதியோடு படித்தீர்கள். கடைசிப் பக்கம் வந்ததும் கட்டையைக் கேட்டில் சாத்திவிட்டு, "சரி, எந்தப் பக்கம் புடிக்கணும் சொல்லு" என்றீர்கள். அந்த வார்த்தைக்கு அப்புறம்தான் சுற்றி நின்ற கூட்டம் கிட்டே வந்தது.

அடுத்தது பின்தெரு அய்யா. கால்நடைத் துறையில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "மாட்டாஸ்பத்திரி தாத்தா" என்றால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். அய்யா, நீங்கள் வந்தபோது அம்மா டம்ளரில் தண்ணீர் எடுத்து அவன் வாயில் ஊற்றப் போயிருந்தார். கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். தலை நிற்காத ஜீவனுக்கு வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும், பிழைக்க வேண்டியதும் பிழைக்காது என்றீர்கள். இது தெரியாமல் எத்தனை வீட்டில் ஊற்றியிருப்பார்களோ. உதட்டை விலக்கி ஈறு ரோஸ் நிறமாக இருக்கிறதா என்று பார்த்தீர்கள், எலி மருந்து எங்கேயாவது வைத்திருக்கிறோமா என்று கேட்டீர்கள், படிக்கட்டு ஓரத்திலிருந்து அவனை நகர்த்தி இரண்டு பக்கமும் போர்வையைச் சுருட்டி அணை கொடுத்தீர்கள். எல்லாவற்றையும்விட, "கண்ணு எப்படி ஆடுதுன்னு போன்ல படம் புடிச்சி வைம்மா, டாக்டருக்கு அது வேணும்" என்றீர்களே, அந்தப் பதற்றத்தில் எனக்குத் தானாகத் தோன்றியிருக்கவே இருக்காது. காட்பாடி டாக்டரை எழுப்பி, கிளினிக்கை முன்கூட்டியே திறக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

ஆட்டோ பாய், உங்களுக்கு அன்றைக்கு ரத்தினகிரி முருகன் கோயிலுக்கு சவாரி இருந்தது. கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு நாளில் எத்தனை நடை அடிக்கலாம் என்பது எனக்கும் தெரியும். முதல் சவாரியை இன்னொருவருக்குப் போனிலேயே மாற்றிவிட்டு, பின் சீட்டில் உங்கள் துண்டை விரித்துக் கொடுத்தீர்கள். வெளிச்சம் கண்ணில் பட்டால் வாந்தி அதிகமாகிறது என்று கவனித்துப் பக்கத் திரையை இறக்கிவிட்டதும் நீங்களேதான், யாரும் சொல்லவில்லை. சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் அந்த நேரத்திலேயே கையில் ஃபைலோடு ஜனம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது, "ஆஸ்பத்திரி கேசுப்பா, வழி விடு" என்று தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டே போனீர்கள். வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டி நின்று ஏறி இறங்கியது. பாலாற்றுப் பாலம் தாண்டி விருதம்பட்டு வந்ததும் அவன் இரண்டாம் தடவை வாந்தி எடுத்தான், நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "கொயந்த மாதிரிதானம்மா, வுடு" என்று சொல்லிவிட்டு ஓட்டினீர்கள். காசு வாங்கவில்லை. உங்கள் வீட்டம்மாவிடம் பேசிவிட்டேன், அவர்கள் மூலம் வருவதை மறுக்காதீர்கள்.

டாக்டரம்மா, பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் போடவில்லை. நீங்கள் மேஜையில் ஏற்றாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தீர்கள். வீடியோவைப் பார்த்தீர்கள், கண்ணைப் பார்த்தீர்கள், ஆட்டம் பக்கவாட்டில்தான் இருக்கிறது, மேலும் கீழுமாக இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பாதத்தையும் மடக்கிப் புறங்கால் தரையில் படும்படி வைத்துப் பார்த்தீர்கள். ஒவ்வொரு தடவையும் அவன் உடனே பாதத்தைத் திருப்பி வைத்தான். "பாருங்கம்மா, கால் எங்க இருக்குன்னு மூளைக்குத் தெரியுது, இது நல்ல அறிகுறி" என்றீர்கள். காதுக்குள் விளக்கு வைத்துச் சீழ் இருக்கிறதா, செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்தீர்கள், சர்க்கரை பார்த்தீர்கள், ரத்தம் எடுத்தீர்கள், காதுக்குச் சொட்டு மருந்து ஏதாவது விட்டோமா என்று இரண்டு முறை கேட்டீர்கள், சில மருந்துகள் உட்காதையே கெடுத்துவிடுமாம்.

அப்புறம் நிதானமாக விளக்கினீர்கள். வெஸ்டிபுலார் என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். உட்காதில் உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்கிற உறுப்பு இருக்கிறது, ஒரு பக்கம் அது திடீரென்று கோளாறாகிவிட்டால் இரண்டு பக்கச் செய்தியும் ஒத்துப்போகாமல், அவனுக்கு உலகமே நிற்காத ராட்டினமாகச் சுற்றுகிறது, அதனால்தான் விழுவதும் வாந்தியும். வயதான நாய்களுக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாமல் இப்படி வரும், பார்க்க ஸ்ட்ரோக் மாதிரியே பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் திரும்ப ஆரம்பித்துவிடும், 2, 3 வாரத்தில் தேறிவிடும் என்றீர்கள். ஆசை காட்டவும் இல்லை. காதுத் தொற்றிலும், கட்டியிலும், நிஜமான ஸ்ட்ரோக்கிலும் இதே அறிகுறிகள் வரலாம், மோசமானால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னீர்கள். நான் அந்த ஊசி விஷயத்தைக் கேட்டேன். "இன்னிக்கு எந்த முடிவும் எடுக்க வேணாம்மா. அவனுக்கு 3 நாள் குடுங்க" என்றீர்கள். வாந்தி நிற்க ஊசியும் சலைனும் போட்டு அனுப்பினீர்கள். ஆட்டோவில் உட்கார்ந்தே அந்த இன்னொருவருக்குப் போன் போட்டு, மத்தியானம் வர வேண்டாம் என்றேன்.

அந்த 3 நாளை நானும் அம்மாவும் தனியாகக் கடந்திருக்க முடியாது. 22 கிலோ உடம்பு. பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ தம்பி, காலையில் டியூஷனுக்கு முன்னாலும் ராத்திரி படித்து முடித்த பின்னாலும் வந்து, அடிவயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து அவனை முருங்கை மரம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனான். படுக்கைப்புண் வராமல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடச் சொல்லியிருந்தார்கள், நடுராத்திரி முறைக்கு அவன் அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து வந்தான், அவன் அம்மாவுக்கும் இங்கே நன்றி. சின்னான் கண்ணால் பார்த்துத்தான் உடம்பை நிறுத்திக்கொள்கிறான், இருட்டில் விட வேண்டாம் என்றதால் கூடத்து லைட் விடிய விடிய எரிந்தது. முனைக்கடை இட்லி அக்கா, காரம் படாமல் நீங்கள் தனியாக எடுத்துவைத்த இட்லியைக் கோழி வேகவைத்த தண்ணீரில் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக என் கையாலேயே ஊட்டினேன். முதல் நாள் ஒன்றும் இறங்கவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி 11 மணிக்கு, தலையை நான் தாங்கிப் பிடித்திருக்க, என் உள்ளங்கைத் தண்ணீரைத் தானாக நக்கினான். அம்மா பூஜை அறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தார். 13 வருஷத்துக்கு முன்னால் மழையில் நனைந்த குட்டியாக நான் தூக்கிக்கொண்டு வந்தபோது, வீட்டுக்குள் விடவே மாட்டேன் என்றவர் அவர்.

மூன்றாம் நாள் காலை விளக்கை அணைக்கப் போனேன். அவன் என்னைப் பார்த்தான். கண் ஓடவில்லை. இன்னும் லேசாக ஒரு துடிப்பு இருந்தது, ஆனால் பார்வை என் மேல் நின்றது, நான் சமையலறைக்குப் போக, கூடவே வந்தது. அன்றே சுவரில் சாய்ந்து எழுந்து நின்றான். ஆறாம் நாள் முருங்கை மரத்தடியில் காலைத் தூக்கி, பொத்தென்று விழுந்து, எழுந்து, மறுபடியும் தூக்கினான், எதிர்வீட்டு அண்ணன் மாடியிலிருந்து கைதட்டினார்.

பெயர் தெரியாமல் உதவியவர்களும் உண்டு. கிளினிக் வாசலில் தன் பூனையோடு வரிசையில் முதல் ஆளாக நின்றும் எங்களுக்கு இடம் விட்ட பெண், மருந்துக் கடையில் சிரிஞ்சுக்குச் சில்லறை இல்லாதபோது தந்துவிட்டுப் போனவர், கிருத்திகைப் பிரசாதத்தைக் கொண்டுவந்து விபூதியை அவன் நெற்றியில் வைத்த பூக்காரம்மா. கண்ணில் பட்டால் கூப்பிடுங்கள்.

மூன்றாம் வீட்டு அக்கா, அன்றைக்குக் கேட்காமலேயே உங்கள் நீலப் போர்வையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தீர்கள், அதில் வைத்துத்தான் 4 பேர் அவனைத் தூக்கினோம். இரண்டு தடவை வெந்நீரில் துவைத்துவிட்டேன். ஒரு மூலை கிழிந்திருந்தது, தைத்துவிட்டேன், நூல் மட்டும் அதே நிறத்தில் கிடைக்கவில்லை. இன்று சாயங்காலம் கொண்டுவருகிறேன். அவனும் கூட வருவான், படி ஏற இன்னும் நேரம் எடுக்கிறது, கேட்டைத் திறந்தே வையுங்கள்.