பிணத்தைப் பேசவிடாமல் காப்பாற்றியவர்களுக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

குறுநாவல் ஒருவழியாக முடிந்தது. முன்பக்கத்தில் நன்றி என்று நாலு வரி போட்டிருக்கிறேன், அது காணாது. இந்த மடலில் கதையின் முடிச்செல்லாம் அவிழ்ந்துவிடும். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கதை எபெரானில் நடக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை நகர்த்தும் ஆட்டத்துக்காக கீத் பேக்கர் உருவாக்கி, 2004-ல் வெளிவந்த உலகம். அங்கே மந்திரத்தில் ரயில் ஓடும். ஷார்ன் நகரத்துக் கோபுரங்கள் மேகத்தைத் தொடும். துப்பறிவாளர்கள் போர்டு மாட்டித் தொழில் நடத்துவார்கள். கொலைக் கதை எழுதவென்றே கட்டிய ஊர் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது: அந்த ஊரில் செத்தவனிடமே கேட்டுவிடலாம். 'ஸ்பீக் வித் டெட்' மந்திரம் போட்டால் பிணம் ஐந்து கேள்விக்குப் பதில் சொல்லும். "உன்னைக் கொன்னது யாரு?" முதல் அத்தியாயத்திலேயே கதை முடிந்தது.

நான் விதியில் ஓட்டை தேடினேன். பிணத்துக்கு வாய் இருந்தால்தான் மந்திரம் பலிக்கும். சரி என்று தாடையைப் பெயர்த்து எடுத்துவிட்டு, பெருமையாக எங்கள் ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) அண்ணனுக்கு அனுப்பினேன். ராத்திரி போன் வந்தது. கொஞ்ச நேரம் அவர் வீட்டு ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "தம்பி, ஆட்டத்துல நான் இப்படிப் பண்ணியிருந்தா நீ சண்டைக்கு வந்திருக்க மாட்டே? அதே மந்திரத்தைக் கடைசி வரைக்கும் படி" என்றார்.

படித்தேன். ஒரு பிணத்திடம் பேசிய பிறகு பத்து நாளுக்குள் அதனிடம் மறுபடி அந்த மந்திரம் பலிக்காது.

"தாடையை ஒட்டவை. உன் துப்பறிவாளர் மந்திரம் போடட்டும். பிணம் பேச வேணாம். ஏன் பேசலேன்னு அவர் மண்டையைப் பிச்சுக்கட்டும்."

அவருக்கு முன்னால் யாரோ வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யார்? ஐந்து கேள்வியில் எதைக் கேட்டார்கள்? என் கதை அந்த போனில்தான் பிறந்தது. அண்ணா, உங்களுக்கு நன்றி என்று எழுதினால் திட்டுவீர்கள், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

எங்கள் ஆட்டக் குழுவில் விஸார்டாக, அதாவது மந்திரவாதியாக, ஆடுகிறவனுக்கு அடுத்த நன்றி. "செத்து ஒரு நாள்தான் ஆச்சுன்னு எப்படிடா சொல்றே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். எபெரான் கணக்கில் 994-ல் சயர் என்கிற நாடு ஒரே நாளில் அழிந்தது. ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சாம்பல் நிற மூடுபனி சூழ்ந்த அந்த மண்ணை மோர்ன்லேண்ட் என்பார்கள். அங்கே கிடக்கும் பிணங்கள் அழுகாது. என் கதை நடப்பது 998-ல். நேற்றுச் செத்தவன் போலக் கிடக்கிறவன் நாலு வருஷத்துக்கு முன்னால் செத்தவனாக இருந்தால்? அவன் கேள்வியை முடிப்பதற்குள் நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிழை திருத்திய அக்காவுக்கு ஒற்றுப்பிழைக்கு மட்டும் நன்றி சொன்னால் துரோகம். கதையின் முக்கியச் சாட்சி ஒரு வார்ஃபோர்ஜ்ட். மரமும் கல்லும் உலோகமுமாகப் போருக்கென்று வார்க்கப்பட்ட உயிர், ஆணுமில்லை பெண்ணுமில்லை. போர் முடிந்து போட்ட த்ரோன்ஹோல்ட் உடன்படிக்கைதான் அவர்களைப் பொருள் அல்ல, ஆள் என்று ஏற்றது. தமிழில் எழுதும்போது வினைமுற்று நம்மைச் சும்மா விடாது. வந்தது என்று எழுதினால் பொருள், வந்தார் என்றால் ஆள். துப்பறிவாளர் மட்டும் 'அவர்' என்பார், ஊரார் 'அது' என்பார்கள் என்று முடிவு செய்திருந்தேன். ஒன்பதாவது அத்தியாயத்தில் ஓரிடத்தில் அக்கா பென்சிலால் வட்டம் போட்டு, "இங்க துப்பறிவாளரே 'அது'ன்னு சொல்றாரு. தெரிஞ்சு எழுதினியா?" என்று கேட்டிருந்தார். தெரியாமல்தான் எழுதினேன். ஆனால் அழிக்கவில்லை. சாட்சி அதற்கப்புறம் வாயைத் திறக்காததற்கு அதுவே காரணமாகிவிட்டது.

அட்டைப் படம் வரைந்த தங்கச்சி காசு வாங்க மறுத்துவிட்டாள். விசிறிப் படைப்புகளை இலவசமாகத்தான் தரவேண்டும் என்பது இந்த ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் விதி, அதனால் தர என்னிடம் காசும் இல்லை. பிரியாணி பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை. பன்னிரண்டு பிரதி ஸ்பைரல் போட்டுக் கொடுத்த ஜெராக்ஸ் கடை பாய், கடைசிப் பக்கத்தை நின்றபடியே படித்துவிட்டு "முதல்ல இருந்து ஒண்ணு எனக்கும் போட்டுக்கிறேன்" என்றார். பதின்மூன்றாவது பிரதி அவருடையது.

கடைசியாக, வேலை கிடைத்து ஊர் மாறியதால் ஆட்டத்தை விட்டுப் போன நண்பா, அந்தப் பிணம் நீ ஆட்டத்தில் ஆடிய சயர் வீரன்தான். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, "முதுகுல குத்து வாங்கிச் சாகக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாய். மார்பில்தான் குத்து. உன் பிரதியைக் கூரியரில் போட்டிருக்கிறேன், கூடவே நீ விட்டுப்போன இருபது பக்க டைஸும் இருக்கிறது. பீரோவுக்கு அடியில் கிடந்தது.