ஆலோசகர் பயிற்சியில் சமூக நீதி விருப்பப் பாடமாக இருக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவியல் ஆலோசகர்களுக்கான பயிற்சி குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஆலோசகரின் பணி, தம்மை நாடி வருபவரின் மனத்தோடு நின்றுவிட வேண்டும் என்றும், சமூக நீதியை வேண்டுமானால் விருப்பப் பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்றும் கட்டுரையாளர் முடித்திருக்கிறார். பயிற்சி ஆலோசகர்களின் களப்பயிற்சியைப் பல ஆண்டுகளாக மேற்பார்வையிட்டு வருபவன் என்ற முறையில் இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

சமூக நீதி இத்துறைக்குள் அண்மையில் நுழைந்த விருந்தாளி என்பதுபோல் கட்டுரை பேசுகிறது. ஆனால் இத்துறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகக் கருதப்படுவது, 1908இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய தொழில் வழிகாட்டு நிலையம். ஏழைத் தொழிலாளர்களும் புலம்பெயர்ந்தோரும் வந்துபோன ஒரு சமூக சேவை இல்லத்தில்தான் அது இயங்கியது. தன்னை அறிவது, தொழில்களின் நிலைமைகளை அறிவது, இவ்விரண்டுக்கும் உள்ள உறவைச் சரியாகச் சிந்திப்பது என்னும் மூன்றையும் பார்சன்ஸ் ஒன்றாகவே வைத்தார். ஆக, ஒருவர் வாழும் உலகத்தை ஒதுக்கிவிட்டு அவருடைய மனத்தை மட்டும் பார்க்கும் வழக்கம் தொடக்கத்தில் இருந்ததில்லை.

அவ்வாறு ஒதுக்கிப் பார்த்ததால் நேர்ந்த தீங்குகளும் பதிவாகியிருக்கின்றன. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோட விரும்புவதையே ஒரு மனநோய் என்று பெயரிட்டு எழுதினார். தற்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்துக்கு 1973 வரை ஆயிற்று. அநீதியான ஏற்பாட்டை இயல்பென்று எடுத்துக்கொண்டவர்களுக்கு, அதில் பொருந்தாதவர் நோயாளியாகத் தெரிந்தார். கட்டுரையாளர் நடுநிலை என்று குறிப்பிடும் இடம் அப்படி ஒன்றும் நடுவில் இருந்ததில்லை என்பதைப் பயிற்சி பெறுவோர் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

இது வகுப்பறையில் மட்டும் கற்றுக்கொடுத்து முடிகிற காரியமன்று. மேற்பார்வையில் நான் அடிக்கடி காண்கிற ஒரு நிலையைச் சொல்கிறேன். பயிற்சியாளர் (பயிற்சி பெறும் ஆலோசகர்) ஒருவர், தம்மை நாடி வந்தவரைப் பற்றிய குறிப்பை எடுத்து வருகிறார். நாடி வந்த பெண் அமர்வுகளைத் தவறவிடுகிறார், வந்தாலும் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருக்கிறார், மாற்றத்துக்கு அவர் இன்னும் தயாராகவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அவருடைய வேலை நேரம் என்ன, முறைமாற்ற (ஷிப்ட்) வேலையா, அமர்வுக்கு வரும் நாளின் கூலி போகிறதா, குழந்தையை யாரிடம் விட்டு வருகிறார் என்று கேட்டால், பெரும்பாலும் பயிற்சியாளரிடம் விடை இருப்பதில்லை. அந்தப் பெண் எதையும் மறைத்திருக்கமாட்டார். அதையெல்லாம் கேட்க வேண்டும் என்றே பயிற்சியாளருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சிகிச்சைத் திட்டமே மாறிவிடுகிறது. அமர்வு மாலைக்கு மாறலாம், தொலைபேசியில் நடக்கலாம், அவர் விரும்பினால் பணியிடத்துக்கு ஒரு கடிதமும் போகலாம். சமூக நீதி என்று நான் சொல்வது பெருமளவுக்கு இதைத்தான். இதை மூன்றாம் பருவத்தின் விருப்பப் பாடத்தில் வைத்துவிட்டு, களப்பயிற்சியின் மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கு ஒரு வரியும் ஒதுக்காவிட்டால், பயிற்சியாளர் எதை முக்கியமென்று எடுத்துக்கொள்வார் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆலோசகர் தம் அரசியல் கருத்துகளை நாடி வருபவர் மீது திணித்துவிடுவார் என்ற கட்டுரையாளரின் அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. படபடப்பில் மூச்சுத் திணறி வந்து அமர்ந்திருப்பவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது சமுதாயம் பற்றிய சொற்பொழிவு அன்று. அவரை நிதானத்துக்குக் கொண்டுவரத் தெரியாதவருக்குச் சமூக அக்கறை மட்டும் இருந்து பயனில்லை. ஆனால் இந்த அச்சத்துக்கான காப்பும் இந்தப் பயிற்சிக்குள்ளேயே இருக்கிறது. 2004இல் அமெரிக்க உளவியலாளர் லிசா குட்மனும் உடன் பணியாற்றியவர்களும் இப்பயிற்சிக்கு ஆறு நெறிகளை முன்வைத்தார்கள். தொடர்ந்த தன்னாய்வு, அதிகாரத்தைப் பகிர்தல், நாடி வருபவரின் குரலுக்கு இடம் தருதல் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். இவற்றை உண்மையாகப் பயின்றவர் தம் கருத்தைத் திணிக்கும்முன் தயங்குவார். தமக்கு எந்தச் சார்பும் இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம்தான் அந்தத் தயக்கத்தைக் காண முடிவதில்லை.

2015இல் அமெரிக்க ஆலோசனைச் சங்கம் ஏற்ற பல்பண்பாட்டு, சமூக நீதித் திறன் வரையறைகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது, ஆலோசகர், நாடி வருபவர் ஆகிய இருவரில் எவரும் சலுகை பெற்றவராகவோ விளிம்பில் நிறுத்தப்பட்டவராகவோ இருக்கலாம் என்ற பார்வை. ஒடுக்கப்பட்ட பிரிவிலிருந்து வந்த பயிற்சியாளர், வசதியும் செல்வாக்கும் உள்ளவருக்கு ஆலோசனை சொல்ல நேரும்போது, தம் பேச்சும் தோற்றமும் எடைபோடப்படுவதை உணர்ந்தபடியே அமர்வை நடத்துகிறார். அதை மேற்பார்வையாளரிடம் சொன்னால் தன்னம்பிக்கைக் குறைவு என்று எழுதிவிடுவார்களோ என்று அஞ்சி வாய்மூடி இருப்பவர்களை நான் அறிவேன். பயிற்சியின் நீதி பயிற்சியாளருக்கும் சேர வேண்டும்.

கட்டுரையில் இடம்பெறவே இல்லாத ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பல இடங்களில் களப்பயிற்சிக்கு ஊதியம் கிடையாது. நூற்றுக்கணக்கான மணி நேரம் சம்பளமின்றி உழைக்கவும் மேற்பார்வைக்குக் கட்டணம் செலுத்தவும் எல்லாராலும் முடியாது. திறமையும் பொறுமையும் உள்ளவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் தாங்கிக்கொள்ள ஆள் உள்ளவர்கள் சான்றிதழ் பெறுகிறார்கள். பின்னர், ஆலோசகர்களுக்கு எளிய மக்களின் வாழ்க்கை புரிவதில்லை என்று நாமே குறைபட்டுக்கொள்கிறோம். பாடத்திட்டத்தில் எத்தனை கோட்பாடுகளைச் சேர்த்தாலும், உதவித்தொகை இல்லாத களப்பயிற்சி அவற்றைப் பொய்யாக்கிவிடும்.

இதே பொருளில் தொடர் கட்டுரைகள் வெளியிடும் எண்ணம் இருந்தால், பயிற்சி நிறுவனங்களிடம் தாங்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டு விடைகளை அச்சிட வேண்டுகிறேன். களப்பயிற்சிக்கு உதவித்தொகை தருகிறார்களா? நாடி வருபவரின் வாழ்நிலையை விசாரித்தறியும் திறன் அவர்களுடைய மதிப்பீட்டுப் படிவத்தில் இடம்பெற்றிருக்கிறதா?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
களப்பயிற்சி மேற்பார்வையாளன்