மூத்த குடிமக்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். செயற்குழு ஒன்பது முறை கூடியது. பொங்கல் விழா, கொடியேற்றம், கோயில் சுற்றுலா மூன்றும் வழக்கம்போல் நடந்தன.

கண் முகாம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "கண்ணாடிக் கடைக்காரரைக் கூப்பிட்டால் போதாதா, ஆஸ்பத்திரிக்கு வேன் எதற்கு" என்று போன கூட்டத்தில் கேட்டார்கள். போதாது. கண்ணுக்குள் பின்பக்கம் படம் விழும் விழித்திரையின் நடுவில் மாகுலா என்று சுமார் 5.5 மில்லிமீட்டர் அகல இடம், படிப்பதும் முகம் பார்த்து அடையாளம் காண்பதும் அதனால்தான். வயதாலோ சர்க்கரையாலோ அது கெட்டால் எந்தக் கண்ணாடியும் உதவாது. அதற்குத்தான் ஓசிடி ஸ்கேன். ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை, ஒளியை உள்ளே அனுப்பி அது திரும்பி வருவதை வைத்து விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கிறார்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நம் அம்மா ஒருவர் கதவு நிலை வளைந்து தெரிகிறது என்று ஒரு மாதமாகச் சொல்ல, வீட்டில் கண்புரைதான் என்று விட்டுவிட்டார்கள். ஸ்கேனைத் திரையில் நானும் பார்த்தேன். நடுவில் சின்னப் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடாக எழும்பி, அடியில் கறுப்பாக நீர் கட்டியிருந்தது. நீர் வற்றக் கண்ணில் மாதம் ஒன்றாக மூன்று ஊசி போட்டபின் எடுத்த படத்தில் பள்ளம் மறுபடி தெரிந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அடுத்த ஊசி எப்போது என்று டாக்டர் முடிவு செய்தார்.

அதனால்தான் எனக்கு வருத்தம். மறுபரிசோதனைக்கு 22 பேர் வர வேண்டும், வந்தது 9 பேர். அதிலும் நான்கு பேர் பழைய ஸ்கேனைக் கொண்டுவரவில்லை. வேன் வாடகை முழுதாகக் கொடுத்தோம். "இப்போ நல்லாத்தானே தெரியுது" என்கிறார்கள். ஒரு கண்ணில் குறைந்தால் மறு கண் ஈடுகட்டிவிடும், நமக்கே தெரியாது. ஒரு கண்ணை மூடிப் பாருங்கள் ஐயா.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. இரண்டு ஆண்டாகச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் 31 பேர், பெயர் படிக்கப் போவதில்லை. மண்டபம் தந்தவர்களுக்கும், சொட்டு மருந்து விட்டுக் கண் கூசியவர்களைக் கைபிடித்து வேனில் ஏற்றிய இளைஞர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் பொறுப்பில் இருக்கிறேனோ இல்லையோ, மூன்று மாதத்துக்கு ஒரு வேன் போக வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. பக்கத்திலேயே கட்டம் போட்ட அட்டையும் வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துப்போய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். கட்டத்தின் கோடு வளைந்து தெரிந்தால் அன்றைக்கே எனக்குப் போன் செய்யுங்கள்.