செயலாளரின் ஆண்டறிக்கை: திரையில் தென்பட்ட பழைய பொருள்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

படங்களில் வரும் பழைய வீடியோ கேம் பெட்டிகளும் மின்னணுப் பொருள்களும் கதை நடக்கும் ஆண்டுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் நம் சங்கத்தில், சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், அதில் நான் கை வைக்கப் போவதில்லை. மாதம் ஒன்று என்று 12 கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும், 11 தான் நடந்தன. விட்டுப்போன மாதம் புரொஜக்டர் விளக்கு போய்விட்டது. அன்றைக்கு வந்தவர்கள் வெறும் சுவரைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கூட்டமாகக் கணக்கில் எடுக்கலாமா என்று செயற்குழுவில் கேட்டேன், வேண்டாம் என்றார்கள்.

முதலில் ஒரு திருத்தம். தப்பு என்னுடையது. சென்ற ஆண்டறிக்கையில், 1978இல் நடக்கும் கதை ஒன்றில் காட்டிய அட்டாரியை, அதாவது டிவியில் இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டியை, 'சரியான பொருள்' என்று எழுதியிருந்தேன். மர வேலைப்பாடு போட்ட முகப்பைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். துணைச் செயலாளர் அந்தக் காட்சியை நிறுத்தி, விரல் விட்டு எண்ணிக் காட்டினார். முகப்பில் நான்கு சுவிட்சுகள்தான் இருந்தன. 1977இல் வெளிவந்த அட்டாரியில் முகப்பில் ஆறு சுவிட்சுகள் உண்டு. விளையாட்டின் கடினத்தை மாற்றும் இரண்டு சுவிட்சுகளைப் பின்பக்கம் தள்ளிவிட்டு நான்கோடு விட்டது 1980இல். மரமே இல்லாத முழுக் கறுப்புப் பெட்டி 1982இல் வந்தது. 2600 என்ற பெயரும் அந்த ஆண்டுதான் ஒட்டிக்கொண்டது. ஆக, 1978இல் அந்தப் பையன் விளையாடியது இரண்டு ஆண்டு கழித்துப் பிறக்கவிருந்த பெட்டியோடு. குறிப்பேட்டில் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். தவறு செய்த படங்களின் பெயரை அறிக்கையில் சொல்வதில்லை என்பது நம் வழக்கம் என்பதால் அந்தப் படம் தப்பித்தது. நான் தப்பவில்லை.

குறிப்பேட்டைப் பற்றியே மேலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆண்டின் பெரிய சண்டை அதிலிருந்துதான் கிளம்பியது. இதுவரை ஒரு பொருளைக் கண்டால் படத்தின் பெயர், காட்சி வரும் நிமிடம், பொருள் சந்தைக்கு வந்த ஆண்டு, கதை நடக்கும் ஆண்டு ஆகிய நான்கையும் குறிப்போம். பொருள் கதைக்கு முந்தியது என்றால் சரி, பிந்தியது என்றால் தப்பு. அவ்வளவுதான் கணக்கு.

ஐந்தாவது கூட்டத்தில் ஓர் உறுப்பினர் ஒரு பிறந்தநாள் காட்சியைப் போட்டுக் காட்டினார். 1991, அமெரிக்க வீடு. சிறுமி பரிசுத் தாளைக் கிழிக்கிறாள், உள்ளே சூப்பர் நிண்டெண்டோ என்ற வீடியோ கேம் பெட்டி. ஆண்டு பொருந்துகிறது. ஊதா நிறப் பொத்தான்கள் இருப்பதால் அது அமெரிக்கப் பதிப்பு, எனவே நாடும் பொருந்துகிறது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் விற்றதில் நான்கு பொத்தானும் நான்கு நிறம். எல்லோரும் 'சரி' போடக் கை தூக்கிவிட்டோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும், "புதுசு ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டது.

மறுபடி ஓட்டிப் பார்த்தோம். பெட்டியின் மேல்பாதி பழைய செய்தித்தாள் மாதிரி மஞ்சள், கீழ்ப்பாதி மட்டும் சாம்பல். சூப்பர் நிண்டெண்டோவைக் கையாண்டவர்களுக்கு இந்த இரட்டை நிறம் பழக்கம். தீப்பிடிக்காமல் இருக்க அந்தக் காலப் பிளாஸ்டிக்கில் புரோமின் கலந்த சேர்மங்களைச் சேர்த்தார்கள். வெயிலும் காற்றும் பட்டுப் பல ஆண்டுகளில் அது மஞ்சளாகும். ஒரே பெட்டியின் இரண்டு பாதிகளும் வெவ்வேறு வார்ப்பு என்றால் ஒன்று மஞ்சளாகும், மற்றது அப்படியே இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெளிச்சத்தில் வைத்தால் நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும். கலைத்துறைக்காரர் அந்த ஒரு மாலை வேலையைச் செய்யவில்லை. சிறுமி அன்றைக்குத்தான் பரிசைப் பிரிக்கிறாள், பரிசுக்கோ முப்பது வயது.

அன்றிலிருந்து குறிப்பேட்டில் ஐந்தாவது கட்டம் ஒன்று கூடியிருக்கிறது: 'அந்த வீட்டில் அதன் வயது'. பழைய பொருளைப் பழசாகவே காட்டிவிடுவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தப்பு. நமக்குத்தான் அது பழசு, அந்தக் கதாபாத்திரத்துக்கு அது நேற்று வாங்கியது.

இதன் மறுபக்கமும் உண்டு. 1985இல் நடக்கும் கதை என்றால் வீட்டில் இருப்பதெல்லாம் 1985ஆம் ஆண்டுச் சரக்காக இருக்கும் படங்கள். எந்த வீடு அப்படி இருக்கிறது? இதைச் சரியாகச் செய்த படங்களின் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். 1983இல் வந்த 'வார் கேம்ஸ்' படத்துப் பையன் வீடியோ கேம் கடையில் ஆடுவது 1981இன் கேலகா விளையாட்டு. அறையில் வைத்திருப்பதோ இம்சாய் 8080, 1975 வாக்கில் வந்த கணினி. அப்போதே எட்டு வயதான இயந்திரம். செலவுக்குக் காசில்லாத, ஆர்வம் மட்டும் இருக்கிற பையனிடம் அதுதான் இருக்கும். 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி'யில் 1988இல் சிறுவன் கையில் இருப்பது 1979இன் வாக்மேன், கையடக்கக் கேசட் பிளேயர். முதல் வாக்மேன், டிபிஎஸ்-எல்2. இரண்டு பேர் கேட்க இரண்டு துளைகள். பாட்டைத் தணித்துப் பக்கத்திலிருப்பவரின் பேச்சைக் கேட்க ஓர் ஆரஞ்சுப் பொத்தான். ஒன்பது ஆண்டு பழசு, அம்மாவின் காலத்துப் பாட்டு. ஐந்தாவது கட்டம் கச்சிதமாக நிரம்புகிறது. 2014இல் அந்தப் படம் வந்தபின் அந்த மாடலைத் தேடி ஒரு கூட்டமே கிளம்பியது. நம்மில் சிலரும் அதில் உண்டு, பெயர் சொல்லமாட்டேன்.

ஏழாவது கூட்டம் ஒலிக்கு. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு காட்சிகளைக் கேட்டோம். பையன் கையில் இருப்பது 2001இன் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி. காதில் விழுவது 1982இல் அட்டாரி 2600க்கு வந்த பேக்மேன் விளையாட்டின் சத்தம். அதுவும் அதே விளையாட்டுப் பெட்டிக்கு வந்த டாங்கி காங்கின் சத்தமும் எப்போதோ ஓர் ஒலி நூலகத்தில் சேர்ந்துவிட்டன. 'வீடியோ கேம் சத்தம்' என்று தேடுகிற ஒலிப்பதிவாளர் கைக்கு முதலில் அதுதான் வருகிறது. அன்று ஒரே மாலையில் எத்தனை முறை கேட்டோமோ, எண்ணுவதை நிறுத்திவிட்டோம். அடுத்த நாள் காலை பல் துலக்கும்போதும் எனக்கு அதே 'வொக்கா வொக்கா'தான். (சரி, 'வொக்கா' கடைகளில் வைத்திருந்த பேக்மேன் இயந்திரத்தின் சத்தம், அட்டாரியில் வருவது அது இல்லை. உலோகத் தகட்டைத் தட்டுவது போல ஒரு 'டொங்க்'. துணைச் செயலாளர் இதற்கும் எழுந்து நிற்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.)

வெளிச்சத் தப்புகளையும் அதே கூட்டத்தில் தொட்டோம். போர்வைக்குள் படுத்துக்கொண்டு 1989இன் கேம்பாயில் ஆடும் குழந்தை, முகத்தில் பச்சை ஒளி. அழகான காட்சிதான். அந்தக் கேம்பாயில் உள்விளக்கே கிடையாது. நான்கு பேட்டரி போட்டு, ஜன்னலோரமோ விளக்கடியோ தேடி உட்கார்ந்துதான் ஆட வேண்டும். போர்வைக்குள் போனால் திரையில் ஒன்றும் தெரியாது.

பழைய டிவியையும் அதில் ஓடும் விளையாட்டையும் படமெடுப்பது எவ்வளவு தொல்லை என்பதை ஒன்பதாவது கூட்டத்தில் தலைவர் விளக்கினார். சினிமா கேமரா நொடிக்கு 24 பிரேம் எடுக்கும். அமெரிக்க வகை டிவியோ நொடிக்கு ஏறக்குறைய 60 முறை திரையை வரையும். இரண்டும் ஒத்துப்போகாததால் டிவியின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும். இதைத் தவிர்க்கத்தான் 24 பிரேமுக்கு மாற்றியமைத்த கருவிகளிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பினார்கள். பிற்பாடு வெறும் திரையைப் படமெடுத்துவிட்டு விளையாட்டைக் கணினியில் ஒட்டினார்கள். ஒட்டியதைப் பிடிக்கத் தலைவர் சொல்லிக்கொடுத்த வழி எளிது: டிவியைப் பார்க்காதீர்கள், ஆடுகிறவர் முகத்தைப் பாருங்கள். திரையில் வெடிக்கும்போது கன்னத்தில் வெளிச்சம் மாறவில்லை என்றால் அங்கே டிவி ஓடவே இல்லை.

செயல்முறை நாளில், டிவியை நோக்கிச் சுடும் நிண்டெண்டோவின் ஸாப்பர் என்ற விளையாட்டுத் துப்பாக்கியால், வாத்து சுடும் விளையாட்டைப் பிக்சர் டியூப் டிவியிலும் தட்டைத் திரை டிவியிலும் ஆடிப் பார்த்தோம். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, இலக்கு இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையை உரிய நேரத்தில் கண்டால் வாத்து விழும். தட்டைத் திரை படத்தைக் கணக்குப் போட்டுத் தாமதமாகக் காட்டுவதால், துப்பாக்கி பார்க்கும் நேரத்தில் வெள்ளை வந்திருக்காது. நம் உறுப்பினர் ஒருவர் தட்டைத் திரைக்கு ஓரடி முன்னால் நின்று இருபது முறை சுட்டார். ஒரு வாத்தும் விழவில்லை. அவருடைய மகள் பழைய டிவியில் முதல் சுடுதலிலேயே வீழ்த்தினாள். இந்தத் துப்பாக்கியின் நிறமும் நமக்கு ஒரு காலக் கணக்கு. 1985இல் வந்தது சாம்பல் நிறம். நிஜத் துப்பாக்கி என்று யாரும் மிரண்டுவிடாதபடி 1980களின் இறுதியில் ஆரஞ்சுக்கு மாற்றினார்கள். 1986இல் நடக்கும் கதையில் ஆரஞ்சைப் பார்த்தால் தாராளமாகச் சிவப்பு மையை எடுங்கள்.

அன்றைக்கு ஒரு சேதமும் நடந்தது. காட்சிக்கு வைத்த கேசட் பிளேயர் ஒன்றை ஓடவிட்டபோது பாட்டு இழுத்து இழுத்து முனகி நின்றது. திறந்து பார்த்தால், உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் இளகித் தார் மாதிரி ஆகியிருந்தது. மூன்று பேர் விரல்கள் இரண்டு நாள் கறுப்பாக இருந்தன. ஓடவிடும் முன் பெல்ட்டைப் பார்க்க வேண்டும் என்று இனி எழுதி ஒட்டிவைப்போம்.

'பழசான எதிர்காலம்' என்ற தனிப் பட்டியலை இந்த ஆண்டு தொடங்கினோம். இது என் சொந்த ஆசை என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1973இல் வந்த 'சோய்லன்ட் கிரீன்' 2022ஆம் ஆண்டைக் காட்டும் படம். அதில் வசதியானவர் வீட்டில் வெள்ளை நிறத்தில் வழுவழுப்பாக நிற்பது 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்'. பின்னாளில் அட்டாரியைத் தொடங்கிய நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும் 1971இல் கொண்டுவந்த விளையாட்டு. எதிர்காலத்தைக் காட்ட வைத்த பெட்டி இன்று அருங்காட்சியகப் பொருள். 1989இன் 'பேக் டு தி ஃபியூச்சர்' இரண்டாம் பாகத்தில் கதை 2015க்குப் போகிறது. அங்கே 80களை நினைத்து ஏங்கும் ஓர் உணவகம், உள்ளே ஒரு பழைய துப்பாக்கி விளையாட்டு. 80கள் முடிவதற்கு முன்பே 80களுக்காக ஏங்கிய படம் அது. இந்தப் பட்டியலில் இரண்டு படங்கள் போதாது, உறுப்பினர்கள் உதவ வேண்டும்.

எதை 'ரெட்ரோ' என்று சேர்ப்பது என்ற கேள்வியில் முடிவு எட்டவில்லை. 2000க்கு முன் வந்தவை மட்டும் என்பது மூத்தவர்கள் கட்சி. 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 எங்கள் குழந்தைப் பருவம் என்பது இளையவர்கள் கட்சி. 'ஷான் ஆஃப் தி டெட்' வந்தது 2004இல். அதில் நண்பர்கள் அந்தப் பெட்டியில் ஆடும்போது அது அன்றாட வீட்டுச் சாமான். இன்று அந்தக் காட்சியே பழைய புகைப்படம் மாதிரி இருக்கிறது என்று ஓர் இளம் உறுப்பினர் சொன்னார். பதில் சொல்ல எழுந்த பொருளாளர் உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் இன்றைய பொதுக்குழுவின் வாக்குக்கு வருகிறது.

புரொஜக்டருக்கு விளக்கு வாங்கித் தந்தவருக்கும், பழைய டிவியை மாடிக்குத் தூக்கிவந்த நான்கு பேருக்கும் சங்கத்தின் நன்றி. அந்த டிவி இன்னும் மாடியில்தான் இருக்கிறது. இறக்க ஆள் வேண்டும், கூட்டம் முடிந்ததும் யாரும் நழுவ வேண்டாம்.

கடைசியாக, நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜ்களை (விளையாட்டு அடங்கிய சிறு பெட்டிகளை)த் திறக்கும் 3.8 மி.மீ. திருப்புளி செயல்முறை நாளிலிருந்து காணவில்லை. சாதாரணத் திருப்புளி அந்தத் திருகாணிக்கு உதவாது என்பது எடுத்துப் போனவருக்கும் தெரியும். மேசை மேல் வைத்துவிட்டுப் போனால் போதும், யார் என்று கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்