செம்மஞ்சள் வயர்

அன்பின் மச்சான்,

"இருக்கிறியா, இல்லையா?" என்று நீ போட்ட ஒற்றை வரி கிடைத்தது. இருக்கிறேன். ஏழு மாதம் எழுதாமல் விட்டது பிழைதான், பேசுகிறதை நேரில் வந்து பேசு. வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவள் சோதனை எழுதிவிட்டு மறுமொழி வரும்வரை கட்டிலில் கிடக்கிறாள். கிழக்கு வேலிப் பலா இந்த முறையும் ஏமாற்றிவிட்டது. கட்டையன் காசு தரவில்லை, கேட்டால் உன்னிடம் கொடுத்துவிட்டேன் என்கிறான். குசலம் முடிந்தது.

எழுதாததற்குக் காரணம் வெட்கம். நீ வாங்காதே என்ற காரை வாங்கிவிட்டேன். "ஹைபிரிட் என்றால் இரண்டு வாகனத்து வருத்தமும் ஒரே வாகனத்துக்கு வரும், பேசாமல் இரு" என்று நீ சொன்னதும், நான் ஓம் ஓம் என்று தலையாட்டியதும் உனக்கு மறந்திருக்காது. உனக்கென்ன, நோர்வேயில் 2024-இல் புதிதாகப் பதிந்த கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார், நீ ஊரோடு ஒத்து ஓடினாய், அவ்வளவுதான். நான் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் கோட்டைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றவன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. 2020 மார்ச்சில் பூட்டிய வாகன இறக்குமதியைத் தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். புதுசு வந்தால் பழசு மலியும் என்று பார்த்திருந்தேன், மலிகிற பாட்டைக் காணோம். கடைசியில் பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட், ஒரு 2014 டொயோட்டா அக்வாவை வாங்கினேன். விலையைக் கேளாதே.

முதலில் பகிடியைச் சொல்கிறேன். இது யப்பானில் ஓடின கார், அதனால் அதற்கு யப்பான் மொழிதான் தெரியும். ஸ்டார்ட் பண்ணுகிற ஒவ்வொரு முறையும் ஒரு பெண்பிள்ளை உள்ளேயிருந்து மரியாதையாக ஏதோ சொல்லுவாள். என் மனிசி முதல் கிழமை முழுக்க அதற்கு "ஓம்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சீற் பெல்ற் போடச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்து இரண்டு பேரும் பயபக்தியாகப் போடுவோம். பிறகுதான் தெரிந்தது, நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டுகிற கார்டைச் செருகவில்லை என்று அவள் முறைப்பாடு சொல்கிறாளாம். கோண்டாவிலில் இருந்து சுன்னாகத்துக்குப் போவதற்கு!

அப்புறம், கொழும்பில் ஒரு கலியாணத்துக்கு ரயிலில் போய் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்து பார்த்தால் கார் செத்துக் கிடக்கிறது. லைற் இல்லை, சத்தம் இல்லை. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவோம் என்று ஒழுங்கைப் பெடியள் நாலு பேர் சேர்ட்டைக் கழற்றிவிட்டு வந்தார்கள், கியர் 'பி'-யை விட்டு அசையவே இல்லை. பெரிய பற்றரி போய்விட்டது, காணி ஒன்றை விற்க வேண்டியதுதான் என்று திண்ணையில் குந்திவிட்டேன். கடைசியில் போனது சாதாரண 12 வோல்ற் பற்றரி. இந்தக் கார்களில் சின்னப் பற்றரிதான் வாசல் காவல்காரன், அவன் எழும்பி ரிலேயைப் பூட்டினால்தான் உள்ளே இருக்கிற பெரியவரிடம் கரண்ட் கேட்க முடியும். அவன் நித்திரை என்றால் பெரியவர் முழுச் சார்ஜில் இருந்தும் பிரயோசனம் இல்லை. தள்ளினாலும் இது ஸ்டார்ட் ஆகிற சாதி இல்லையாம், நாங்கள் அறிந்த ஸ்டார்ட்டர் மோட்டாரே இதில் கிடையாது. இதெல்லாம் இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது.

சரி, இனித்தான் நான் உண்மையில் எழுத வந்த விசயம்.

வெங்காயம் கிண்டின நேரம், சாக்குகளைப் பின் சீற்றில் அடுக்கிச் சந்தைக்கு நாலைந்து நடை ஓடினேன். ஐந்தாம் நாள் வல்லை வெளியில் வந்துகொண்டிருக்கும்போது சிவப்பு முக்கோணம் ஒன்று எரிந்து, கீழே யப்பானில் இரண்டு வரி வந்தது. மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு நேரே எங்கள் மெக்கானிக் அண்ணையின் கராஜுக்குப் போனேன். வேறு எங்கே போவேன்? உன் தங்கச்சி பிறந்த இரவு உன் அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 காரை, சின்னப் போத்தலில் இருந்த பெற்றோலைக் கார்பரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு முடுக்கி, சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, லைற்றும் போடாமல் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனவர். அவருக்குத் தெரியாத வாகனம் என்று ஒன்று இருக்கிறதாக நான் நினைத்ததே இல்லை. பிழை அங்கேதான்.

அண்ணை பின் சீற்றைத் தூக்கினார். கீழே ஒரு வெள்ளித் தகரப் பெட்டி, அதிலிருந்து மொத்தமாக ஒரு செம்மஞ்சள் வயர். "பற்றரிதானே, கழற்றிப் பார்ப்போம்" என்றார். நானும் "ஓம் அண்ணை, கழற்றுங்கோ" என்றேன். கேள், நான்தான் சொன்னேன். வெறுங்கை. 10-ஆம் நம்பர் ஸ்பனர். மூடியில் நாலு நட்டுக் கழன்று அவரது சேர்ட் பைக்குள் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். குடித்தோம், உன்னைப் பற்றிக் கதை வந்தது, நீ அவருடைய ரியூப் ஒட்டுகிற சொலூசனைத் திருடியது வரைக்கும் வந்தது. கதைத்து முடிய இருட்டிவிட்டது. நாளைக்குப் பார்ப்போம் என்று சீற்றைப் போட்டு மூடினோம்.

மறுநாள் காலையில் எங்கள் வாசிகசாலையின் கரும்பலகையில் எழுதியிருந்தது: மின்சார, ஹைபிரிட் வாகனங்கள் பற்றி மூன்று ஞாயிறு பின்னேரம் விளக்கம், எல்லாரும் வரலாம். கார் வைத்திருக்கிறவன், வாங்க இருக்கிறவன், வாங்கமாட்டேன் என்று சண்டைபிடிக்கிறவன் எல்லாரும் போனார்கள். அண்ணை வரமாட்டேன் என்றார். "பென்சன் எடுத்தவர்களுக்குப் பொழுதுபோக்கு" என்றார். எங்கள் கார் இன்னும் அவரிடம் நிற்கிறது, எனக்காக வாருங்கோ என்று கெஞ்சி இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வாங்கில் இருத்தினேன்.

படிப்பித்தது யார் தெரியுமா? எங்கள் கணக்கு மாஸ்டரின் பேத்தி. அதே மூக்கு, அதே சோக்கட்டி பிடிக்கிற விதம். மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறாளாம். முதல் கேள்வியே மாஸ்டர் கேட்டது மாதிரித்தான்: 1.2 வோல்ற் செல் 120-ஐ ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோர்த்தால் எவ்வளவு? 144 என்று நான்தான் முதலில் கத்தினேன். நாற்பது வருசம் பிந்திவிட்டது, இல்லாவிட்டால் அந்த மனிசனிடம் ஒரு நாளாவது நல்ல பெயர் எடுத்திருப்பேன். "அதுதான் அக்வாவின் பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. நேர் மின்னோட்டம். ஆளைக் கொல்லப் போதும்" என்றாள். முழு மின்சாரக் காரான பழைய நிசான் லீஃபில் அது 360-க்குக் கிட்ட என்றாள்.

பின்னால் இருந்து ஒருவர், கார் ஓஃப் பண்ணியிருந்தால் பயமில்லைத்தானே என்று கேட்டார். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "கிணற்று மோட்டாரை நிப்பாட்டினால் குழாயில் தண்ணீர் வராது. அதற்காகக் கிணறு வற்றிவிடுமோ?" செம்மஞ்சள் நிறம் எங்கே கண்டாலும் அது உயர் மின்னழுத்தம், சும்மா அழகுக்குப் பூசியது இல்லை. தொடுவதென்றால் 12 வோல்ற்றைக் கழற்ற வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு சேர்விஸ் பிளக்கை இழுத்துச் செல் சங்கிலியை நடுவால் அறுக்க வேண்டும், பிறகு பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும், இன்வெர்ட்டருக்குள் தேங்கிய கரண்ட் வடிய. அதற்குப் பிறகும் மீற்றர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணை தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான், எனக்கு அதற்குப் பிறகு மூன்று நாள் நித்திரை இல்லை. அந்தத் தேத்தண்ணி ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் என்ற யோசனைதான். மனிசிக்குச் சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது ஞாயிறு அண்ணை தானாக வந்தார், அதுவும் முன் வாங்கில். அன்றைக்குப் பிரேக் பிடிக்கும்போது கரண்ட் எப்படி வருகிறது என்று அவள் விளங்கப்படுத்த முயன்றுகொண்டிருந்தாள், காந்தப்புலம் அது இது என்று. ஒருவருக்கும் ஏறவில்லை. அண்ணை எழும்பி, "பிள்ளை, சைக்கிள் டைனமோ" என்றார். அவ்வளவுதான், ஐம்பது வயதுக்கு மேல் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை என்ற அந்த வருசங்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நீ பெடலைச் சுற்ற நான் ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டேனே, நீ களைத்தால் செய்தி வாசிக்கிறவர் முனக ஆரம்பிப்பாரே. டைனமோவை ரயரில் தட்டினால் பெடல் பாரமாகும், நினைவிருக்கிறதா? அந்தப் பாரம்தான் பிரேக். காரை ஓட்டுகிற மோட்டாரே சில்லு இழுக்கும்போது டைனமோவாக மாறுகிறது, கார் மெதுவாகிறது, கரண்ட் பற்றரிக்குத் திரும்புகிறது. இதற்கு யப்பான்காரன் 1997-இல் ப்ரியஸ் என்று பெயர் வைத்து வித்தான். நாங்கள் அதற்கு முன்னமே செய்து முடித்துவிட்டோம், வித்திருக்கலாம்.

அன்றைக்கு அண்ணை கேட்ட கேள்வியும் சொல்ல வேண்டும். பற்றரிப் பெட்டிக்குள் ஒரு கட்டை பழுதானால் அதை மட்டும் மாற்றலாமோ, முழுப் பெட்டியும் மாற்ற வேண்டுமோ என்றார். மாற்றலாம் ஐயா, ஆனால் பழசுகளுக்கு நடுவில் ஒரு புதுசு, என்று அவள் சொல்லி முடிக்கும் முன்பே, "கிழட்டு மாட்டோடு நாம்பனைப் பூட்டி உழுகிற மாதிரி" என்றார். அவள் அதைப் பலகையில் எழுதிக்கொண்டாள். உண்மையாகத்தான்.

என் காரின் பற்றரிப் பெட்டியில் ஒன்றும் பழுதில்லை. மூன்றாவது ஞாயிறு எல்லாரும் வாகனங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். அண்ணை முதலில் அந்த நாலு நட்டையும் திரும்ப முறுக்கித் தந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பற்றரிக்கு மூச்சு விட ஒரு விசிறி இருக்கிறது, அது பின் சீற்றுக்குக் கீழே இருக்கிற சின்னச் சல்லடைக்கால் காருக்குள் இருக்கிற காற்றை இழுக்கும். அவள் சல்லடையைக் கழற்றித் தட்ட, வெங்காயச் சருகு! ஊதா நிறத்தில் ஒரு கை நிறைய, அவ்வளவும் என் தோட்டத்தது. சாக்கை வாசலில் அடுக்கி மூச்சை அடைத்து, மிச்சத்துக்குச் சருகையும் ஊட்டியிருக்கிறேன். பற்றரி வெந்து முக்கோணத்தைக் காட்டாமல் என்ன செய்யும்? தும்பும் சருகும் துடைத்த பிறகு முக்கோணம் வரவில்லை. இப்போது வெங்காயம் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் போகிறது.

அன்றைக்கு ஒரு லீஃபும் வந்தது. பாவம், பற்றரியின் பலத்தைக் காட்டுகிற 12 கோட்டில் 7 கோடுதான் மிச்சம். பற்றரிக்கென்று தனிக் குளிரூட்டல் இல்லாத கார், எங்கள் வெயிலில் காய்ந்தே தேய்ந்துவிட்டது. உங்களுக்குப் பனியில் தூரம் குறைகிறது என்கிறாய், அது வசந்தத்தில் திரும்பி வரும்தானே? இங்கே போனது போனதுதான். ஆனால் அதன் சொந்தக்காரருக்கு ஒரு கவலையும் இல்லை, ஒரு நாளைக்கு 20 கிலோமீற்றர் ஓடுகிறார், பகலில் கூரையில் இருக்கிற சோலரில் சாதாரண பிளக்கில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் படுக்கிறார். யோசித்துப் பார்த்தால் மேடு பள்ளமே இல்லாத, எந்த இடமும் எந்த இடத்துக்கும் கிட்ட இருக்கிற எங்கள் ஊருக்கு முழு மின்சாரக் கார்தான் சரி, நான் இடையில் நிற்கிற சாமானை வாங்கிவிட்டேன் என்று படுகிறது. இதை வைத்து நீ என்னை இழுக்கப் போகிறாய், தெரியும். வவுனியாவுக்குப் போய்வர 280 கிலோமீற்றர் என்பதை மட்டும் மறந்துவிடாதே, உன்னைக் கூட்டிக்கொண்டு வர அந்த லீஃபில் வந்தால் ஆனையிறவில் உப்பு அள்ளிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. அண்ணை இனி இந்த வாகனங்களைத் தொடப்போவதில்லை என்று ஒரு கிழமை சொல்லிக்கொண்டிருந்தார். கராஜில் மூன்று நாள் ஒரு வாகனமும் இல்லை. வருகிறதெல்லாம் அக்வாவும் ஹொண்டா வெசெலும், திருப்பி அனுப்பிவிடுகிறார். போன திங்கள் நான் போனபோது கொப்பி ஒன்றில் மாஸ்டரின் பேத்தி சொன்னதை எல்லாம் எழுதி வைத்திருந்தார், பத்து நிமிடம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு. அவருக்குக் கையுறை வேண்டும். 1000 வோல்ற்றுக்கு உரியது, கிளாஸ் 0 என்று மேலே அடித்திருக்கும், அதற்கு மேல் போடுகிற தோல் உறையும் சேர்த்து. நான் இங்கே கேட்ட கடைகளில் பாத்திரம் கழுவுகிறதை எடுத்துக் காட்டினார்கள். வாங்கும்போது திகதி பார், பழசு வேண்டாம். ஒவ்வொரு முறையும் போட முன் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து அமுக்கிப் பார்க்க வேண்டுமாம், ஊசித் துளை இருந்தாலும் தெரியும். ரியூப் பஞ்சர் பார்த்து வளர்ந்தவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அவர் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி, பக்கத்தில் அடிமட்டத்தையும் வைத்துப் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன். உள்ளங்கைச் சுற்று 11 அங்குலம், நூலால் அளந்தேன். மோதிர விரல் பாதியில் நிற்கும், பென்சில் வழுக்கிவிட்டது என்று நினைக்காதே, அது எப்படி என்று உனக்குத் தெரியும். காசு நான் தருகிறேன். இல்லாவிட்டால் கட்டையனின் கணக்கில் போடு.

உன்,
மொட்டை