கடன் பிரிவில் இருந்த அந்த மேடத்துக்கு நன்றி

பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. கணக்குகள் எல்லாம் மூடப்பட்டு, எங்கே விண்ணப்பித்தாலும் ஒரே வரியில் நிராகரிப்பு வந்துகொண்டிருந்த நேரத்தில், என் கடன் அறிக்கையை (வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் பதிவு) அச்செடுத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டுப் பொறுமையாக விளக்கியவர் அவர்தான். முழுசாகக் கட்டி முடித்த கடன் ஒன்று ‘செட்டில்டு’ என்றே பதிவாகியிருந்தது. குறைந்த தொகைக்குப் பேசி முடித்தால்தான் அப்படிப் போடுவார்கள், நிலுவையில்லாச் சான்றிதழை வைத்துத் திருத்தச் சொல்லுங்கள் என்றார். கேட்டேன், ‘க்ளோஸ்டு’ என்று மாறியது.

அப்புறம், இப்போதைக்கு எங்கும் புதிதாக விண்ணப்பிக்காதீர்கள், விண்ணப்பித்ததும் கடன் தருபவர்கள் செய்யும் ஒவ்வொரு விசாரிப்பும் அறிக்கையில் ஏறும் என்று தடுத்தார். அதற்குப் பதிலாக, ஒழுங்காகக் கட்டுவது அறிக்கையில் பதிவாகட்டும் என்று, வைப்புத்தொகையை ஈடாக வைத்து ஒரு சின்ன கிரெடிட் கார்டு மட்டும் வாங்கச் சொன்னார். செலவு கார்டின் வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டாமல், பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இருப்பதைக் கண்டுகொள்ளாமல், மாதாமாதம் முழுத் தொகையும் கட்டி வந்தேன். போன வாரம் கடன் ஒப்புதல் வந்துவிட்டது.

இதில் எதுவும் அவர் செய்தே ஆக வேண்டிய வேலை இல்லை. மேடம், மனசார நன்றி. வீட்டில் எல்லோரும் சொல்லச் சொன்னார்கள்.